ஈறு நோய்ச் சிகிச்சை: அந்த ஒரு மில்லிமீட்டரை எப்படி நம்புவது?

"மூணு, ரெண்டு, மூணு. நாலு, மூணு, ஆறு, ரத்தம்."

ஈறு மருத்துவரிடம் வாயைத் திறந்து படுத்திருப்பவர் காதில் இப்படி எண்களாக விழும். மருத்துவர் சொல்லச் சொல்ல உதவியாளர் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டே போவார். மருத்துவர் கையில் இருப்பது புரோப் என்கிற மெல்லிய கம்பி. நுனி மழுங்கியிருக்கும், உடம்பில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மெதுவாக இறக்குகிறார்கள். சுமார் 25 கிராம் எடை அளவுக்குத்தான் அழுத்த வேண்டும். நகக்கண்ணில் வைத்து அழுத்திப் பார், வலித்தால் கை கனம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கம்பி 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் ஈறு நன்றாக இருக்கிறது. 5, 6 என்று உள்ளே போனால், பல்லை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்கள் அறுந்து, எலும்பும் கரைந்து, அங்கே ஒரு பை விழுந்திருக்கிறது. பெரியோடான்டைட்டிஸ் என்பது இதுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் 'பயோரியா' என்பார்கள். வலி பெரிதாக இருக்காது. துலக்கும்போது ரத்தம், வாயில் நாற்றம், அப்புறம் ஒரு நாள் பல் ஆட்டம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட கணக்குப்படி 100 கோடிக்கும் மேலானவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் இருக்கிறது.

ஒரு பல்லில் ஆறு இடம் அளப்பார்கள். 28 பல் இருந்தால் 168 எண்கள். ஈறு நோய்க்கு எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று உலகம் முழுக்க நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன. "ஆய்வில் நிரூபிக்கப்பட்ட ஜெல்", "ரத்தக்கசிவை 40 நாளில் நிறுத்தும் மவுத்வாஷ்" என்று விளம்பரம் வரும்போது, அந்த நிரூபணத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் இப்படிக் கம்பியை இறக்கி எண் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

முதலில், ஈறு வீக்கம் வேறு, ஈறு நோய் முற்றுவது வேறு. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேர். எல்லோரையும் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. பல்லில் படியும் அழுக்கில் உள்ள கிருமிகள்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பதை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் யாரும் காட்டியதில்லை.

சரி, அழுக்கை எடுக்காமலேயே விட்டால் கடைசியில் என்ன ஆகும்? அதற்கான பதில் வந்தது இலங்கையின் மலையகத்திலிருந்து. 1970இல் லோவின் குழு அங்கே இரண்டு பெரிய தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. மலையகத் தமிழர்கள். பல் மருத்துவமே எட்டிப் பார்க்காத லயன்களில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில், வாழ்ந்தவர்கள். பல்துலக்கி பழக்கமில்லை. எல்லோர் பல்லிலும் காரை, எல்லோர் ஈறிலும் வீக்கம். ஆனால் சொத்தை கிட்டத்தட்ட இல்லை. அதனால் பல் விழுந்தால் ஈறு நோயால்தான் விழுந்தது என்று சொல்ல முடிந்தது. 1985 வரை பல முறை போய் அதே ஆட்களை அளந்தார்கள். கடைசிப் பரிசோதனையில், ஆரம்பத்தில் பார்த்தவர்களில் 161 பேர் இருந்தார்கள்.

முடிவு யாரும் எதிர்பாராதது. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே அழுக்கு. ஆனாலும் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 45 வயதில் பற்களின் பிடிமானம் சராசரியாக 13 மில்லிமீட்டர் போயிருந்தது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக முன்னேறியது, அதே வயதில் 7 மில்லிமீட்டர். மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை.

உலகத்தின் ஈறு மருத்துவ வகுப்புகளில் எல்லாம் இந்த எண்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்' என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நான் வகுப்பில் முதன்முதலில் கேட்டபோது, அந்த 13 மில்லிமீட்டர் என் மொழி பேசும் ஒரு மனிதரின் வாயில் அளந்தது என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. நோய் தன் போக்கில் எப்படிப் போகும் என்று உலகம் தெரிந்துகொண்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அவர்களுடைய பற்கள். இதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் அந்த எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த 8, 81, 11 என்ற பிரிவு சிகிச்சை ஆய்வுகளுக்கும் ஒரு பாடம். ஒரு மருத்துவர் தன்னிடம் வந்த 20 பேருக்குப் புது மருந்து கொடுக்கிறார் என்று வையுங்கள். இரண்டு வருடம் கழித்தும் எவருக்கும் பிடிமானம் பெரிதாகக் குறையவில்லை. மருந்து நோயை நிறுத்திவிட்டதா? அல்லது அந்த 20 பேரும் இயல்பாகவே மெதுவாக நோய் ஓடும் வகையா? ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் பதில் சொல்லவே முடியாது. அந்த இரண்டு குழுவையும் மருத்துவர் தன் இஷ்டத்துக்குப் பிரிக்கவும் கூடாது. 'இவர் பாவம், பல் நிறைய ஆடுகிறது, புது மருந்தை இவருக்குக் கொடுப்போம்' என்று கை சாயும். அதனால்தான் குலுக்கல் முறை. யாருக்கு எது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். வேகமாக நோய் ஓடுகிறவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஈறு ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் குணமாகும். சிகிச்சை பெற்ற குழுவுக்கு மட்டும் குணமாகி மற்றவர்களுக்கு ஆகாமல் இருப்பது மிக அபூர்வம். காரணம் ஒன்றல்ல, பல.

பெரிய காரணம், இரண்டு குழுவுக்குமே சுத்தம் செய்துவிடுவார்கள். ஈறுக்கு மேலேயும், பைக்கு உள்ளே வேர் மேலேயும் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது. ஸ்கேலிங், ரூட் பிளானிங் என்று சொல்வது இதைத்தான். ஈறு நோய் உள்ளவருக்கு இதைச் செய்யாமல் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பது நியாயமில்லை என்பதால், புது மருந்து எதுவானாலும் இதன் மேல்தான் சேர்த்துக் கொடுப்பார்கள். இந்தச் சுரண்டல் ஒன்றே நல்ல பலன் தரும்: 4 முதல் 6 மில்லிமீட்டர் பைகள் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறையும், 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை 2 மில்லிமீட்டர் போலக் குறையும்.

அடுத்து, ஆய்வில் சேர்ந்தவர் வீட்டில் ஒழுங்காகத் துலக்க ஆரம்பிக்கிறார். அடுத்த மாதம் மருத்துவர் வாயைத் திறந்து பார்க்கப் போகிறார் என்று தெரியும் அல்லவா? ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவருக்கும் இந்தப் பலன் உண்டு.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் கஷாயம் வைப்போம். மறுநாள் காய்ச்சல் இறங்கும். கஷாயம் வைக்காவிட்டாலும் பல சமயம் இறங்கியிருக்கும். பைகளும் அப்படித்தான். ஆய்வுக்கு 'ஆழமான பை' உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பியால் அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் வரை முன்பின் ஆவது சகஜம். உண்மையில் 5 ஆக இருந்து, அன்றைக்குக் கை கொஞ்சம் அழுந்தி 6 என்று விழுந்தவையும் தேர்வில் சேர்ந்துவிடும். மறுமுறை அளக்கும்போது அவை 5 என்றே வரும். ஒன்றுமே செய்யாமல் ஒரு மில்லிமீட்டர் 'குணம்'.

எனவே "எங்கள் ஜெல் பூசியதில் பையின் ஆழம் 6இலிருந்து 4 ஆனது" என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஜெல் பூசாத, ஆனால் அதே மாதிரி சுத்தம் செய்த குழுவில் எவ்வளவு ஆனது? அங்கே 6இலிருந்து 4.3 ஆகியிருந்தால் ஜெல்லின் பங்கு 0.3 மில்லிமீட்டர். மிச்சமெல்லாம் சுரண்டிய கைக்கும் துலக்கிய கைக்கும் சேர வேண்டியது.

குறைந்தது என்பதற்கே இரண்டு அர்த்தம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீங்கிய ஈறு இளகியிருக்கும். கம்பி பையின் அடியையும் தாண்டிச் சதைக்குள் கொஞ்சம் இறங்கும். வீக்கம் வடிந்து ஈறு இறுகியதும் கம்பி முன்னாலேயே நின்றுவிடும். அப்புறம், ஈறின் விளிம்பும் கீழிறங்கும். 6 மில்லிமீட்டர் பையில் விளிம்பு 2 மில்லிமீட்டர் இறங்கிவிட்டால் ஆழம் 4 ஆகத் தெரியும், ஆனால் பல்லின் பிடிமானம் அப்படியேதான் இருக்கும். கரைந்த எலும்பு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல ஆய்வுகளில் ஈறு விளிம்பிலிருந்து பையின் ஆழத்தை மட்டும் அளக்காமல், பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் அசையாத கோட்டிலிருந்தும் அளப்பது இதற்காகத்தான். அந்த இரண்டாவது எண்தான் பிடிமானத்தைச் சொல்கிறது. ("ஸ்கேலிங் செய்தால் பல்லுக்கு நடுவே சந்து விழுகிறது" என்று சொல்கிறார்களே, அதுவும் இதுதான். வீங்கி நின்ற ஈறு வடிந்துவிட்டது, சந்தை அடைத்திருந்த காரையும் போய்விட்டது.)

அளக்கும் கை யாருடையது என்பதும் முக்கியம். முதுகலைப் படிப்பின்போது நான் ஒரு ஜெல் ஆய்வில் அளவெடுத்தேன். எந்தப் பக்கம் ஜெல் வைத்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஜெல் வைத்த பக்கம் வரும்போது, 4க்கும் 5க்கும் நடுவே ஈறு நிற்கிற இடங்களில் என் வாய் 'நாலு' என்றது. மறுபக்கம் அதே மாதிரி இடத்தில் 'அஞ்சு' என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. கண் அப்படித்தான் பார்த்தது. அன்று மாலை தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கே விளங்கியது. வழிகாட்டியிடம் சொன்னேன், அதன் பிறகு எந்தப் பக்கம் எது என்று தெரியாத இன்னொருவர் அளந்தார். ஆய்வுக் கட்டுரைகளில் 'அளந்தவருக்குச் சிகிச்சை விவரம் தெரியாது' என்று ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கும் முதலில் தேடுவது அதனால்தான்.

ஜெல்லை ஒரு பக்கம், வெறும் சுத்தத்தை மறுபக்கம் என்று ஒரே வாயைப் பாதியாகப் பிரிப்பது நம் ஊர்க் கல்லூரிகளில் மிகவும் பிடித்தமான முறை. அதில் ஒரு பெரிய சௌகரியம்: அதே மனிதர், அதே எச்சில், அதே சர்க்கரை, அதே பீடி. ஆனால் வாய்க்குள் தடுப்புச் சுவர் கிடையாது. வலப்பக்கம் வைத்த மருந்து எச்சிலோடு இடப்பக்கமும் போகும். மாத்திரையாக விழுங்கும் மருந்துக்கு இந்த முறை சுத்தமாக ஆகாது. இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. 20 பேர், ஆளுக்கு 5 பை, மொத்தம் 100 என்று கணக்கிட்டு, 100 பேரிடம் சோதித்த மாதிரி புள்ளிவிவரம் போடுவார்கள். ஒருவர் வாயில் உள்ள ஐந்து பைகளும் அண்ணன் தம்பி மாதிரி; ஒன்று ஆறினால் மற்றதும் ஆறும். தனித்தனி ஆட்களாக எண்ண முடியாது.

மஞ்சள், வேம்பு, கற்றாழை, பச்சைத் தேயிலை என்று நம் ஊரில் வந்த ஈறு ஆய்வுகள் ஏராளம். அவற்றைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, நம் பொருள்களை நாமே சோதித்துப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலானவை சிறியவை, சில மாதங்களில் முடிந்தவை. பெரிய, நீண்ட சோதனைக்கு ஒரு வாசல் என்ற அளவுக்கே அவற்றைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பதிவு செய்யும் பொதுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. 2009இலிருந்து பதிவு கட்டாயமாக்கப்பட்டது. எதை அளக்கப் போகிறோம், எத்தனை மாதம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டால், முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்ற முடியாது.

இப்போது இரண்டு மூன்று பெரிய ஆய்வுகளைப் பார்ப்போம்.

ஈறு வீங்கினால் மருந்துக்கடையில் போய் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கி விழுங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது உண்மையிலேயே ஆராயப்பட்ட சிகிச்சைதான். ஜெர்மனியில் பல மையங்களில் நடந்து 2015இல் வெளியான ஏபிபாரோ ஆய்வில் 406 பேரின் முடிவுகளை ஒப்பிட்டார்கள். எல்லோருக்கும் நன்றாகச் சுத்தம் செய்தார்கள். குலுக்கலில் ஒரு பாதிக்கு ஏழு நாள் இந்த மாத்திரைகள், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. 27 மாதத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்துப் பராமரித்தார்கள். பிடிமானம் மேலும் குறைந்த இடங்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 7.8 சதவீதம், மருந்துக் குழுவில் 5.3 சதவீதம்.

வித்தியாசம் உண்மையானதுதான், தற்செயல் என்று தள்ள முடியாது. ஆனால் எண்ணைத் திருப்பிப் பாருங்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே 100 இடங்களில் 92 இடம் தப்பிவிட்டது. மருந்து சேர்த்ததில் கூடுதலாகத் தப்பியது இரண்டு மூன்று இடம். அதற்காக எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்து, மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்ப்பதா? ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இளவயதில் வாய் முழுக்க நோய் முற்றியவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் யோசிக்கலாம் என்கிறது. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. கடையில் வாங்கி விழுங்குகிறவருக்கோ அந்தச் சுத்தமும் நடப்பதில்லை, மூன்று மாதப் பராமரிப்பும் நடப்பதில்லை. ஆய்வில் பெரும்பங்கு வேலை செய்ததை விட்டுவிட்டு, சிறு பங்கு வேலை செய்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

சர்க்கரை நோயில் விஷயம் இன்னும் சுவையானது. ஈறைச் சரிசெய்தால் சர்க்கரை இறங்குமா? 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த ஆய்வு, ஆறு மாதத்தில் இறங்கவில்லை என்றது. 2018இல் லண்டனில் 264 பேரிடம் நடந்த ஆய்வு, ஒரு வருடத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஒப்பீட்டுக் குழுவைவிட 0.6 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது என்றது. யார் சொல்வது சரி? லண்டனில் தீவிரமாகச் சிகிச்சை செய்தார்கள், தேவைப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போனார்கள். அமெரிக்க ஆய்வைப் பற்றி எழுந்த முக்கியமான விமர்சனம், அதில் ஈறு வீக்கமே போதுமான அளவு வடியவில்லை என்பது. ஈறு ஆறாமல், ஈறு ஆறியதால் சர்க்கரை இறங்கியதா என்று பார்க்க முடியாது அல்லவா? இந்த மாதிரி ஆய்வுகள் 35ஐச் சேர்த்து 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எடைபோட்டது. மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43, ஆறு மாதத்தில் 0.30 குறைகிறது என்று வந்தது. சர்க்கரை மருந்தை நிறுத்தும் அளவுக்குப் பெரிது கிடையாது. ஆனால் ஈறு ரத்தத்தை அலட்சியப்படுத்தும் சர்க்கரை நோயாளியிடம் நான் இதை அழுத்திச் சொல்வேன்.

நம்பிக்கை பொய்த்த இடமும் உண்டு. ஈறு நோய் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஈறைச் சரிசெய்தால் குறைப்பிரசவம் குறைய வேண்டும். அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் குலுக்கல் முறையில் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களின் ஈறு நன்றாகவே ஆறியது. குறைப்பிரசவம் சிகிச்சை பெற்றவர்களிடம் 12.0 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 12.8. வித்தியாசமே இல்லை என்று பொருள். இரண்டு நோய் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல செய்தியும் அதில் இருந்தது: கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை செய்வதால் ஆபத்து கூடவில்லை. 'பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. நோயாளிக்கு மில்லிமீட்டர் பற்றி என்ன கவலை? பல் இருக்குமா, விழுமா என்பதுதான் அவர் கேள்வி. ஆனால் பல் விழ வருடங்கள் ஆகும். ஆறு மாத ஆய்வில் அதை அளக்க முடியாது. அதனால்தான் பல்லுக்குப் பதிலாக மில்லிமீட்டரை அளக்கிறார்கள். பல்லையே எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் பொறுமையாக நடந்தவை மிகச் சில. சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1972இல் ஆக்செல்சன், லிண்டே என்ற இருவர் தொடங்கியது அவற்றில் ஒன்று. 375 பேரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்து, பல் இடுக்குகளை எப்படிச் சுத்தம் செய்வது என்று கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்து, படிந்ததைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். 180 பேர் ஒப்பீட்டுக் குழு. ஆறு வருடத்தில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழுவை அதற்கு மேல் தொடரவில்லை. அதனால் பிற்கால எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு குழு இல்லை என்ற குறை இதற்கு உண்டு. ஆனால் முதல் குழுவைத் தொடர்ந்து பார்த்தார்கள். 30 வருடம் கழித்து, வயதுப் பிரிவைப் பொறுத்து, ஒருவர் இழந்தது சராசரியாக 0.4 முதல் 1.8 பல். அவற்றிலும் பெரும்பாலானவை வேர் உடைந்ததால் போனவை.

அந்த 30 வருடமும் அவர்கள் கொடுத்த சிகிச்சையில் புது மருந்து என்று ஒன்றும் கிடையாது. பல்துலக்கி, பல் இடுக்குக்கு நூலும் குச்சியும், ஃப்ளோரைடு பேஸ்ட், அழைத்த தேதியில் வந்து படுக்க ஒரு நாற்காலி.